சீபெக் கண்டதும் கொண்டதும்

ஒரு பொருளுக்கு இடும் பெயர் அப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சியின் போக்கையே மாற்ற வல்லது. இதற்கு வெப்பமின் வரலாறு தக்கதொரு சான்றாகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1821ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் தாமசு சீபெக் என்னும் அறிஞர், செம்பு, பிசுமத்து ஆகிய இருவேறு உலோகத் துண்டுகளை முனையோடு முனை சேர்த்து ஒரு வளையம் ஆக்கினார். இணைப்பு இரண்டனுள் ஒன்றனைச் சூடேற்றிய அளவில், அருகிருந்த காந்த ஊசி விலகக் கண்டார். ஊசியை விலக்கியது வளையத்தில் ஓடிய மின்னோட்டமே. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதனை டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் முந்தைய ஆண்டிலேயே காட்டியிருந்தார். எனினும் சீபெக், வெப்ப வேறுபாடு உலோகங்களை நேரே காந்தமாக்குகின்றது எனக் கொண்டார். நிலவுலகின் காந்த ஆற்றலுக்கும், நடுக்கோட்டிற்கும் துருவங்கட்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடே காரணமாகலாம் என எண்ணினார். 'வெப்ப மின்சாரம்' என்னும் பெயரை இட்டவர் எர்ஸ்டெட். சீபெக்கோ அதனை ஏற்றிலர்.

இம்மாறுபாடு வெறுஞ் சொற்போர் அன்று. காந்தம் என்று கொண்டார்க்கு அதனின்று மின்னாற்றல் பெறும் எண்ணம் எழ வழியில்லை. சீபெக் ஆராய்ந்தவற்றுள் உலோகங்களேயன்றி, இன்று குறைகடத்திகள் எனப்படும் கனிமங்கள் சிலவும் இருந்தன. அவற்றைத் தக்கவாறு இணைத்திருப்பின், வெப்பத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை மின்னாக்கியிருக்கலாம் என்றும், அஃது அக்காலத்து நீராவிப் பொறிகளின் திறனுக்கு ஒப்பாகும் என்றும் பின்வந்தோர் கணித்துள்ளனர்.

ஆயினும், தடையாய் நின்றது பெயரொன்றே எனல் பொருந்தாது. மின்னோட்டம் எளிதிற் செல்லவும், வெப்பம் அரிதிற் செல்லவும் இடந்தரும் பொருளே இத்தொழிற்கு ஏற்றது என்பதனைச் செருமானிய அறிஞர் ஆல்ட்டன்கிர்ச்சு 1909 முதல் 1911 வரை செய்த ஆய்வினால் தெளிவாக்கினார். உலோகங்களில் இவ்விரண்டும் ஒருங்கு அமைவதில்லை. மின்னைக் கடத்துவது வெப்பத்தையும் கடத்திவிடும். குறைகடத்திகளே இதற்கு உரியன என நிலைநாட்டியவர்களுள் தலையாயவர் உருசிய அறிஞர் இயோஃபே. அவ்வழி நிகழ்ந்த ஆய்வின் பயனாக, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத்து நாட்டில் மின்வசதியற்ற ஊர்களில், மண்ணெண்ணெய் விளக்கின்மேற் பொருத்திய மின்னாக்கி, வீணே கழியும் விளக்கின் சூட்டைக் கொண்டு வானொலியை இயக்கிற்று.

சீபெக் கண்ட காட்சி மெய். கொண்ட கருத்தே பிழை. காட்சி நிலைத்தமையால் அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆதலின், ஆய்வாளர் சான்றினையும் அதற்கிட்ட பெயரினையும் வேறுபிரித்து நோக்கல் வேண்டும். மொழியாராய்ச்சிக்கும் இஃது ஒக்கும் என்பது எம் துணிபு.