சிறு சரக்குந்து உள்ளணி

சிறு சரக்குந்து உள்ளணி என்பது, பேச்சு வழக்கில் பிக்கப் வண்டி எனப்படும் சிறு சரக்குந்தின் ஓட்டுநர் அறைக்குள், தகட்டை மறைத்துப் பொருத்தப்படும் கூரைத் துணி, கதவுப் பலகை, தரை விரிப்பு, இருக்கை உறை முதலியவற்றின் தொகுப்பு ஆகும். இவற்றை மாற்றும் வேலை பொதுவாகக் குஷன் கடைகளில் செய்யப்படுகிறது. எனினும் இதன் பெரும்பகுதியை எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ள முடியும்.

உள்ளணி அழகுக்காக மட்டும் அமைவதன்று. அது வெயிலின் வெப்பத்தையும் பொறியின் இரைச்சலையும் குறைக்கிறது. கடற்கரைப் பகுதிகளில் தவறாக அமைக்கப்பட்ட உள்ளணி உப்புநீரைத் தேக்கிவைத்து, தரைத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடக்கூடும். தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்துள்ள மீனவர் ஊர்களின் சூழல் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

இந்தியாவில் பெரிய சரக்குந்துகள் நெடுங்காலம் அடிச்சட்டமாகவே விற்கப்பட்டன. ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் உள்ளூர்ப் பட்டறைகள் கட்டிக்கொடுத்தன. தமிழ்நாட்டில் நாமக்கல் சரக்குந்துக் கூடு கட்டுவதற்கும், கரூர் பேருந்துக் கூடு கட்டுவதற்கும் பெயர்பெற்றவை. இத்தகைய வண்டிகளில் உள்ளணி கூடு கட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

சிறு சரக்குந்துகள் இதனின்று வேறுபட்டவை. அவற்றின் ஓட்டுநர் அறை தொழிற்சாலையிலேயே முழுமை பெற்று வருகிறது. டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய டாட்டா ஏஸ், தமிழ்நாட்டில் குட்டி யானை என்னும் பெயரால் பரவலாக அறியப்பட்டது. அசோக் லேலண்ட் நிறுவனம் 2011இல் தோஸ்த் வண்டியை வெளியிட்டது. சப்பானின் இசுசு நிறுவனம், திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தன் வண்டிகளை ஒப்பந்த முறையில் பொருத்தி வந்தது. பின்னர் 2016இல் ஆந்திரப் பிரதேசத்தின் சிறீ சிட்டியில் சொந்த ஆலையைத் திறந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிறீ சிட்டி, பழவேற்காடு ஏரிக்கு அண்மையில் உள்ளது. அங்கு உருவாகும் டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்ற வண்டிகள் சொந்தப் பயன்பாட்டுக்கும் வாங்கப்படுகின்றன. ஆகவே உள்ளணியை விருப்பத்திற்கேற்ப மாற்றும் வழக்கம் இவ்வகை வண்டிகளிலும் காணப்படுகிறது.

உறைகளுக்குப் பயன்படும் ரெக்ஸின் என்பது, முதலில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகில் உருவாக்கப்பட்ட ஒரு செயற்கைத் தோலின் வணிகப் பெயராகும். அது நைட்ரோசெல்லுலோசு பூசப்பட்ட துணி. இன்று தமிழ்நாட்டில் ரெக்ஸின் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பி.வி.சி. பூசப்பட்ட துணியே.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் வந்து செல்கிறது. இங்கு பிடிக்கப்படும் மீன், இறால், நண்டு ஆகியவை பனிக்கட்டியுடன் பெட்டிகளில் அடுக்கப்பட்டுப் பொன்னேரி, சென்னை முதலிய இடங்களுக்குச் சாலை வழியாகச் செல்கின்றன.

மீன் ஏற்றும் வண்டிக்குள் உப்பு பல வழிகளில் வந்து சேர்கிறது. பெட்டிகளிலிருந்து வடியும் நீர், ஈரக் காலுடன் ஏறுவோர் கொண்டுவரும் சேறு, கடற்காற்றில் கலந்த நுண்துளிகள் ஆகியவை முதன்மையானவை. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கரையும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. எனவே உப்பு ஊறிய விரிப்பு பகலில் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் இரவில் மீண்டும் நனைகிறது. அதன் அடியில் உள்ள தகடு மழையில்லாத மாதங்களிலும் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கூரை உள்ளுறை

அமைப்பு

வார்ப்புப் பலகையுடன் கூடிய கூரை உள்ளுறை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே கூரைத் தகட்டின் வளைவுக்கேற்ப அழுத்தி வார்க்கப்பட்ட இலேசான பலகை, நடுவில் சில மில்லிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் நுரை, கீழே கண்ணுக்குத் தெரியும் பாலியெஸ்டர் துணி என்பன அவை. நுரையும் துணியும் ஒட்டப்பட்ட ஒரே விரிப்பாகவே விற்கப்படுகின்றன. கடைகளில் இது ரூஃப் லைனிங் துணி எனப்படுகிறது.

தொங்குவதன் காரணம்

சில ஆண்டுகளில் கூரைத் துணி பலகையிலிருந்து பிரிந்து பை போலத் தொங்குவதுண்டு. பசை விட்டுவிட்டதாக இது பெரும்பாலும் கருதப்படுகிறது. உண்மையில் அழிவது பெரும்பாலும் நடுவில் உள்ள நுரையே. எசுத்தர் வகைப் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரப்பதமும் சேரும்போது நீராற்பகுப்புக்கு உள்ளாகிப் பொடியாக உதிர்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரையில் இது விரைவாக நிகழும்.

இக்காரணத்தால், தொங்கும் துணிக்கும் பலகைக்கும் இடையே புதிய பசையைத் தடவி ஒட்டுவது நிலைப்பதில்லை. பசை, பலகையைப் பற்றாமல் நுரைப் பொடியைப் பற்றிக்கொள்கிறது. பொடியோடு சேர்ந்து துணி மீண்டும் விழுகிறது. ஊசிகளைக் குத்தி நிறுத்துவதும் தற்காலிகத் தீர்வே. பலகையைக் கழற்றிப் பழைய நுரையை முழுவதும் நீக்கிப் புதிய துணி ஒட்டுவதே நிலையான வழியாகும்.

மாற்றும் முறை

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பு கழற்றப்படுகிறது. பின்னர் வெயில் மறைப்பு, கைப்பிடி, கூரை விளக்கு, தூண் மறைப்பு, கதவு விளிம்பு ரப்பர் ஆகியவை வரிசையாக நீக்கப்படுகின்றன. பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் இறுகி உடையக்கூடியவையாக இருப்பதால், மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

2. பலகை வளையாதவாறு இருவர் சேர்ந்து அதனைக் கதவு வழியே வெளியே எடுக்கின்றனர். ஒற்றை வரிசை இருக்கை கொண்ட வண்டிகளில் பலகை சிறியதாகையால் இது எளிது. இரட்டை வரிசை வண்டிகளில் இருக்கைகளைச் சாய்க்கவோ கழற்றவோ வேண்டியிருக்கும்.

3. பழைய துணி உரிக்கப்பட்டு, நுரைப் பொடி நைலான் தூரிகையால் தேய்த்து நீக்கப்படுகிறது. கையால் தடவும்போது பொடி ஒட்டாத நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். வேலையின் வெற்றி இப்படியைப் பொறுத்தே அமையும். மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்வது தேவை.

4. பலகையில் நீர்க்கறை வளையங்கள் இருந்தால் கூரையில் கசிவு உள்ளது என்று பொருள். கூரைத் தகட்டின் மீது நீர் ஊற்றிக் கசிவைக் கண்டறிந்து அடைத்த பின்னரே துணி ஒட்ட வேண்டும். தகட்டின் உட்புறத் துருவை நீக்கிச் சாயம் பூசவும் இதுவே ஏற்ற நேரம்.

5. புதிய துணி, எல்லாப் பக்கங்களிலும் 5 முதல் 8 செ.மீ. வரை மிகையாக இருக்குமாறு வெட்டப்படுகிறது. பலகையின் மீது விரித்துப் பாதியை மடக்கி, பலகையிலும் துணியின் நுரைப் பக்கத்திலும் ரப்பர் பசை மெல்லிதாகப் பூசப்படுகிறது.

6. பசை கையில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலையை அடைந்ததும், நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி உள்ளங்கையால் நீவித் துணி ஒட்டப்படுகிறது. பள்ளமான இடங்களில் துணியை இழுத்துப் பாலம்போல் ஒட்டினால் அவ்விடம் பின்னர் பிரிந்துவிடும். மறு பாதியும் இவ்வாறே ஒட்டப்படுகிறது.

7. ஓரங்கள் பலகையின் பின்புறம் மடித்து ஒட்டப்படுகின்றன. விளக்கு, கைப்பிடி முதலியவற்றுக்கான துளைகளில் துணி குறுக்கு நெடுக்காகக் கீறி உள்ளே மடிக்கப்படுகிறது. ஒரு நாள் நிழலில் உலர்த்திய பின் பலகை மீண்டும் பொருத்தப்படுகிறது.

மூடிய வண்டிக்குள் வெப்பநிலை கோடையில் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். ஆகையால் வெப்பம் தாங்கும் எனக் குறிக்கப்பட்ட பசையையே பயன்படுத்த வேண்டும். காகிதம், மரம் ஆகியவற்றை ஒட்டும் வெள்ளைப் பசை இதற்குப் பொருந்தாது.

தரை

தரை விரிப்பின் அடியில் இரைச்சலைக் குறைக்கச் சணல் அல்லது பழந்துணி இழைகளால் ஆன கம்பளம் இடப்படுவதுண்டு. இது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உட்புறத்தைச் செம்மைப்படுத்தும் நோக்கில் தரை முழுவதும் கம்பளத்தைப் பசையிட்டு ஒட்டுவது மீன் ஏற்றும் வண்டிகளுக்கு மிகவும் கேடானது. துரு வெளியே தெரியும்போது தகடு ஏற்கெனவே ஓட்டையாகி இருக்கக்கூடும். இருக்கைகளும் இருக்கைப் பட்டிகளும் இத்தகட்டிலேயே பிணைக்கப்பட்டிருப்பதால், இது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான குறையும் ஆகும்.

கடற்கரை வண்டிகளுக்கு, ஒட்டாமல் விரிக்கப்பட்டு எளிதில் தூக்கி எடுக்கக்கூடிய ரப்பர் விரிப்பே ஏற்றது. இரைச்சல் தடுப்பு தேவையாயின், நீர் புகாத மூடிய நுண்ணறைகளைக் கொண்ட நுரைத் தாளைப் பயன்படுத்தலாம். விரிப்பதற்கு முன் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, உப்பைப் போக்க நல்ல தண்ணீரால் துடைத்து, முற்றிலும் உலரவிட்டு, துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் சாயமும் பூசுவது வழக்கம். உப்பைப் போக்காமல் பூசப்படும் சாயம் விரைவில் கொப்பளிக்கும்.

கதவுப் பலகை

கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவின் உட்குழிவில் விழுந்து, அடிப்பகுதித் துளைகள் வழியே வெளியேறுமாறு கதவு அமைக்கப்பட்டுள்ளது. அந்நீர் ஓட்டுநர் அறைக்குள் வராமல் தடுப்பது, கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளாகும். ஒலிபெருக்கி பொருத்தும்போதோ புதிய ரெக்ஸின் உறை இடும்போதோ இத்தாள் பயனற்றது எனக் கருதிக் கிழித்தெறியப்படுவதுண்டு. அதன் பின் ஒவ்வொரு மழையிலும் நீர் தரை விரிப்பின் அடியில் சேர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் இப்பகுதியில், கிழிந்த தாளுக்கு மாற்றாகத் தடித்த பாலித்தீன் தாளை வெட்டி ஒட்டுவதும், கதவின் அடித்துளைகளில் அடைந்த சேற்றை நீக்குவதும் உள்ளணி வேலையின் முதற்படியாகக் கொள்ளத்தக்கவை.

இருக்கை

துணி உறை வெயிலில் குறைவாகச் சுடும். ஆனால் மீன் வாடையையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். ரெக்ஸின் உறையைத் துடைப்பது எளிது. எனினும் தையல் துளைகளின் வழியே நீர் உள்ளே இறங்கும் என்பதால், அமரும் பரப்பின் நடுவில் தையல் வராதவாறு வெட்டுவது நன்று. உப்புநீரில் நனைந்த பஞ்சை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பின்னரே உறையிட வேண்டும். பக்கக் காற்றுப்பை பொருத்தப்பட்ட இருக்கைகளில், அதன் வழியை மறைக்கும் உறை இடக்கூடாது. கூரையோரத்தில் திரைக் காற்றுப்பை உள்ள வண்டிகளில் தூண் மறைப்புகளுக்கும் இது பொருந்தும்.

தீப் பாதுகாப்பு

ஊர்தி உட்புறப் பொருள்கள் எரியும் வேகத்திற்கு வரம்புகள் உள்ளன. அமெரிக்காவில் 1972இல் நடைமுறைக்கு வந்த 302ஆம் எண் பாதுகாப்புத் தரம், தீ பரவும் வேகம் நிமிடத்திற்கு 102 மி.மீ.க்கு மேற்படக்கூடாது என்கிறது. இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்னும் தரம் இதற்கென உள்ளது. கடைகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் திரைத் துணி, மெத்தைப் பஞ்சு ஆகியவை இத்தரத்தில் சோதிக்கப்பட்டவை அல்ல. பழவேற்காட்டில் பின்னப்படும் பனையோலைப் பொருள்களும் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் கூரை உள்ளுறைக்கு ஏற்றவை அல்ல.

டாட்டா ஏஸ் போன்ற வண்டிகளில் பொறி இருக்கையின் அடியில் அமைந்துள்ளது. இவற்றில் வெப்பத் தடுப்புத் தகட்டை நீக்குவதும், பஞ்சோ ரெக்ஸினோ பொறியை நோக்கித் தொங்குமாறு விடுவதும் பேராபத்தானவை. ரப்பர் பசையின் கரைப்பான்களும் தீப்பற்றுபவை. ஆகவே கதவுகளைத் திறந்துவைத்து, நெருப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றைத் தவிர்த்து வேலை செய்ய வேண்டும். புதிய விளக்குகளுக்கான கம்பிகளை உருகி இன்றி இணைக்கலாகாது.

சட்டம்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்கக்கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. கூரைத் துணி, விரிப்பு, உறை ஆகியவற்றைப் புதுப்பிப்பது பதிவு விவரங்களை மாற்றுவதில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது அவற்றை மாற்றுவதாகும்.

2025 அக்டோபர் 1 முதல் உருவாக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்குட்பட்ட சிறு சரக்குந்துகளுக்கு இவ்விதி பொருந்தாது. குளிரூட்டி இல்லாத சிறு வண்டிகளில் கூரை உள்ளுறையே ஓட்டுநருக்கும் வெயில் ஏறிய தகட்டுக்கும் இடையிலான தடுப்பாக உள்ளது.

பராமரிப்பு

மீன் ஏற்றும் வண்டிகளில் விரிப்பைத் தூக்கி, தரையை நல்ல தண்ணீரால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து உலர்த்துவதை வாரம் ஒருமுறையேனும் செய்வது நல்லது. தரையில் ஈரம் தொடர்ந்து காணப்பட்டால், கதவின் உட்தாள், முன்கண்ணாடி ரப்பர், குளிரூட்டியின் வடிகுழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் விரிப்பை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.