எனக்குப் பாண் தா

"தா மிஹி பானெம்." லத்தீனில் நான் முதன்முதல் சொல்லிப் பழகின வசனம் இதுதான். எனக்குப் பாண் தா. லத்தீன் ஒரு சொல்லும் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் பாதி விளங்கிவிடும்.

பாண் உண்மையிலேயே சொந்தக்காரன். லத்தீன் 'பானிஸ்' போர்த்துக்கேயரின் வாயில் உருமாறி, 1505க்குப் பிறகு அவர்களோடு கப்பலேறி இலங்கைக்கு வந்த சொல். 'தா'வோ வெறும் தற்செயல். நாங்கள் தருகிறேன், தந்தேன் என்கிறோம். லத்தீனில் அந்த வினை தோ, தாஸ், தத் என்று போகும்: தருகிறேன், தருகிறாய், தருகிறான். அதன் இரத்த உறவு சமஸ்கிருதத்தின் 'ததாதி'யும், நாங்கள் கடன் வாங்கிய 'தான'மும். அதே வழியில் வந்ததுதான் சிங்களத்தின் 'தென்ன'. கன்டீனில் பக்கத்து மேசைப் பெடியன் "மட்ட பான் தென்ன" எண்டு கேட்கேக்க, மூன்று சொல்லிலும் லத்தீன் வசனத்துக்கு ஏதோ ஒரு வழியில் உறவு இருக்கு. எங்கட 'தா' மட்டும் வெளியாள். (நாங்கள் ரீலோட் பண்ணுகிற 'டேட்டா'வும் இந்த வினையிலிருந்து வந்ததுதான். 'தரப்பட்டவை' என்று பொருள். காசு குடுத்து வாங்கினாலும்.)

இப்படிச் சின்னச் சின்ன அன்றாட வசனங்களால் மொழி படிப்பது இண்டைக்கு வந்த யோசனை இல்லை. ரோமப் பேரரசின் மேற்கில் லத்தீனும் கிழக்கில் கிரேக்கமும் ஓடின. ஒரு பக்கத்தவர் மற்றப் பக்கத்து மொழியைப் படிக்க 'ஹெர்மெனியூமாட்டா' என்ற இருமொழிப் பாடநூல்கள் இருந்தன. பக்கத்தில் இரண்டு ஒடுங்கிய பத்திகள், ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள், இங்கே லத்தீன், அங்கே கிரேக்கம். இலக்கணத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒரு பெடியன் விடிய எழும்புகிறான், உடுக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். வேறு காட்சிகளில் பெரிய ஆட்கள் சந்தைக்கும் குளியல் மண்டபத்துக்கும் போகிறார்கள், கடன் வாங்குகிறார்கள். மத்தியகாலத்தில் பிரதி செய்த ஏடுகளில் தப்பிய இந்த உரையாடல்களை எலினோர் டிக்கி 2012இலும் 2015இலும் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

வாசிக்க நல்ல சுவாரசியம். அந்தப் பெடியன் எழும்பின உடனே சப்பாத்து வேணும், கை கழுவத் தண்ணி வேணும். அதைத் தமிழில் எழுதிப் பார்க்க வெளிக்கிட்டுத்தான் நான் மாட்டுப்பட்டேன். லத்தீனில் ஒருத்தரிடம் கேட்டால் 'தா', கனபேரிடம் கேட்டால் 'ததே'. அவ்வளவுதான். அப்பாவிடமும் 'தா', தெய்வத்திடமும் 'தா'. எங்களுக்கு அப்படி முடியாது. தா, தாரும், தாங்கோ என்று ஆளைப் பார்த்துத்தான் வாய் திறக்க வேணும். தொல்காப்பியமே தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒப்பானவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் கேட்பான் எனப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பெடியன் 'கொடு' எண்டிருக்க வேணும். ஆனா எங்கட பேச்சில 'எனக்குக் கொடு' வராதே!

முதல் "தண்ணி தாங்கோ" என்று எழுதினேன். பிறகுதான் யோசித்தேன், அவன் ஆரிட்டக் கேட்கிறான்? வீட்டில் நிற்கிற அடிமையிடம். லத்தீன் பத்தியில் அந்த ஒற்றை அசைச் சொல்லைப் பார்த்தால் இது தெரியவராது. எனக்கும் தமிழில் மரியாதை தேடப் போகும்வரைக்கும் உறைக்கேல்லை. வினை பழகுகிற பிள்ளை, ஆரை ஏவலாம் என்பதையும் அதே வரியில் பழகியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கு. ரோமின் வசதியான வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் பழக்கியது பெரும்பாலும் கிரேக்கம் பேசும் தாதிகளும், பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிற அடிமைகளும்தான். இரண்டு பத்தியையும் அந்தப் பெடியனைவிட நல்லாய் வாசிக்கக்கூடிய ஆள், தண்ணிச் செம்போடு பக்கத்திலேயே நின்றிருக்கலாம்.

கொப்பியில் 'தாங்கோ'வை வெட்டிவிட்டு, "டேய், தண்ணி கொண்டா" என்று எழுதினேன்.