உம்மா வாப்பாவோடு குர்துபா போகுமுன்



ஐரோப்பா என்றதும் நமக்குப் பாரிஸும் லண்டனும்தான் ஞாபகம் வருகின்றன. வயதான உம்மா வாப்பாவை ஏஜென்சி இல்லாமல் நாமே கூட்டிப்போவதென்றால் ஸ்பெயினின் மூன்று ஊர்கள் போதும்: குர்துபா, கர்னாதா, இன்று செவில் எனப்படும் இஷ்பீலியா. குர்துபாவிலிருந்து இஷ்பீலியாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் அதைவிடக் கூட எடுக்கும்!

குர்துபாப் பள்ளியை முதலாம் அப்துர் ரஹ்மான் 786இல் கட்டத் தொடங்கினார். பின்வந்தவர்கள் 200 வருஷமாகப் பெருப்பித்தார்கள். 1236இல் ஊர் காஸ்டில் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோவின் கைக்குப் போனது, பள்ளி தேவாலயமானது. இன்றும் தேவாலயம்தான். பார்க்கலாம், தொழ முடியாது. இதை வாப்பாவிடம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிஹ்ராபைக் கண்டு தக்பீர் கட்டப்போகிறவரைக் காவலர் வந்து தடுத்தால் அவர் மனசு என்ன பாடுபடும்?

கர்னாதா 1492 ஜனவரி 2இல் விழுந்தது. அங்குள்ள அல்ஹம்ரா மேட்டில் இருக்கிறது. ஏற்றம் நமக்குப் புதிதல்ல, முழங்கால்தான் பழசு. பஸ்ஸிலேயே ஏறுவோம். உள்ளே அரண்மனைகளுக்கு டிக்கட்டில் போட்ட நேரத்துக்கே விடுவார்கள், அதனால் காலை நேரமாகப் பார்த்து முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

அல்ஹம்ராவுக்கு எதிர்மேட்டில், அல்பைசீனில், 2003இல் ஒரு புதிய பள்ளி திறந்தார்கள். அந்தப் பக்கமும் சின்ன பஸ் ஓடுகிறது. வாப்பாவின் இரண்டு றக்அத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். பள்ளித் தோட்டத்திலிருந்து பார்த்தால் நேரெதிரே அல்ஹம்ரா.