விண்கலக் கதையும் விண்ணேறிய பெண்ணும்

கற்பனைக் கதைகளிலும் காட்சிகளிலும் காலங் கழித்தல் வீண் என்று பெரியோர் பலர் கூறுவதுண்டு. அவர்தம் கவலையை நாம் இகழ்தற்கில்லை. ஆயினும், ஒரு கற்பனைக் காட்சி ஒரு சிறுமியின் மனத்தில் விதையாக விழுந்து மரமாக வளர்ந்ததற்கு அண்மைக்கால வரலாறு சான்று பகர்கின்றது. அதனைச் சிறிது நோக்குவோம்.

1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே 'ஸ்டார் ட்ரெக்' என்னுந் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிற்று. அதனை ஆக்கியவர் ஜீன் ரொடன்பெரி என்பார். வருங்காலத்திலே 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் அண்டவெளியில் உலாவுவதே கதை. வெள்ளையர், கறுப்பர், ஆசியர் ஆகியோர் அக்கலத்தில் ஒரே குழுவினராய்ப் பணியாற்றினர்.

அக்காலத்து அமெரிக்காவின் நிலை யாது? கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்குஞ் சட்டம் நிறைவேறி ஓராண்டே கழிந்திருந்தது. திரையிலே கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்களாகவே தோன்றினர். இத்தொடரிலோ நிஷெல் நிக்கொல்ஸ் என்னும் கறுப்பின நடிகை, கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக வீற்றிருந்தார். அப்பாத்திரத்தின் பெயர் உஹுரா. சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'உஹுரு' என்னுஞ் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது.

முதலாண்டின் முடிவிலே, நாடக மேடைக்குச் செல்ல விரும்பி நிக்கொல்ஸ் விலக எண்ணினார். அவ்வேளை ஒரு வைபவத்தில் அவரைச் சந்தித்த டாக்டர் மாட்டின் லூதர் கிங், தாமும் அத்தொடரை விரும்பிப் பார்ப்பவர் என்றும், அவர் விலகுதல் ஆகாதென்றும் வற்புறுத்தினாராம். இதனை அம்மையாரே பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். அவர் விலகவில்லை. 79 கதைகளோடு தொடர் 1969இல் முடிவுற்றது.

அதனைக் கண்டு களித்தோருள் ஒருவர், சிக்காகோ நகரில் வளர்ந்த மே ஜெமிசன் என்னுஞ் சிறுமி. அந்நாளில் மெய்யான விண்கலங்களில் ஏறிய அமெரிக்கர் யாவரும் வெள்ளை ஆடவரே. பெண்களுக்கு இடமில்லையா என்று சினந்த அச்சிறுமிக்கு, திரையிலே உஹுரா விடையாகத் தோன்றினார்.

ஆனால் ஜெமிசன் கனவோடு நின்றாரல்லர். 1977இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியற் பட்டமும், 1981இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் மேற்கு ஆபிரிக்காவிலே, சியரா லியோனிலும் லைபீரியாவிலும் மருத்துவப் பணி புரிந்தார்.

இதற்கிடையில், நடிகை நிக்கொல்ஸும் வாளாவிருக்கவில்லை. 1977இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் சார்பில் ஊர் ஊராகச் சென்று, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்குமாறு தூண்டினார். 1978இல் தெரிவான 35 பேருள் அறுவர் பெண்கள், மூவர் கறுப்பினத்தவர். கதையிலே விண்ணேறியவர், மெய்யாகவே விண்ணேறுவோரை அழைத்தமை வியப்பன்றோ!

1987இல் ஜெமிசன் தெரிவுசெய்யப்பட்டார். 1992 செப்டெம்பர் 12ஆந் திகதி 'என்டெவர்' விண்ணோடத்தில் ஏறி, விண்வெளி சென்ற முதற் கறுப்பினப் பெண் என்னும் பெருமை பெற்றார். அங்கே தம் பணிநேரந் தொடங்கும்போது, உஹுரா வழக்கமாகக் கூறும் வாசகத்தையே கூறுவாராம்!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கதை ஓர் ஆசனத்தைக் காட்டும்; அதில் அமர்த்திவிடாது. திரைக்கும் விண்ணோடத்துக்கும் இடையே இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருந்தது. பூட்டியிருந்த கதவும் திறக்கவேண்டியிருந்தது. எனினும், ஆசனத்தைக் காணாதவர் அதனை நாடிப் புறப்படுவது அரிது.

இளைஞர்களே, நீங்கள் விரும்பும் கதை உங்களை எப்பணிக்கு அழைக்கின்றது என்று ஆராயுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் திரைமுன் அமர்ந்திருக்கும்போது கடிந்துகொள்ளுமுன், அங்கே யாரைக் கண்டு மகிழ்கின்றனர் என்று ஒருமுறை வினவுங்கள். அவ்விடையில் ஒரு வாழ்வின் தொடக்கம் இருத்தலுங் கூடும்.