பழனி மலையின் புல்லும் சோலையும்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டுவித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் என்பது யாழ்ப்பாணத்து வாசகர் பலருக்குப் புதிய செய்தியன்று. ஆனால் அந்தக் கோயிலுக்குப் பெயர் தந்த குறிஞ்சி பூத்த புல்வெளிகளுக்கு என்ன நேர்ந்தது என்று நம்மவர் கேட்பது குறைவு.

பழனி மலையின் உச்சிப் பகுதியில், ஏறத்தாழ 2,000 மீற்றருக்கு மேல், பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் இயல்பாகவே அமைந்தவை. உறைபனியும் தீயும் சோலை மரக்கன்றுகளை மேட்டில் நிலைக்க விடுவதில்லை. நமது ஹோர்ட்டன் சமவெளியைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் குறிஞ்சியின் உறவான நெலு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை திரளாகப் பூக்கின்றது.

இந்தத் தாவரச் செல்வத்தை நீலகிரியோடு சேர்த்து 1915 முதல் நூலாக்கியவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன். பின்னர் இயேசு சபைத் துறவியான கே. எம். மத்தியூ பழனி மலைக்கென்றே விரிவான நூலை 1999இல் வெளியிட்டார். இவ்விரு நூல்களுக்கும் இடையில் மலையின் தோற்றமே மாறிவிட்டது.

புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று எண்ணியவர்கள் பிரித்தானிய அதிகாரிகள். சுதந்திர இந்தியாவின் வனத்துறையும் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காக அவுஸ்திரேலிய வாட்டில் மரத்தையும், அதனோடு யூக்கலிப்டஸ், பைன் மரங்களையும் பெருமளவில் நட்டது. மரம் நடுவது எப்போதும் புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். இங்கு அது அழிவாயிற்று. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக, செய்மதிப் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் தெரிவித்தது.

எதிர்க்குரல் உள்ளூரிலிருந்தே எழுந்தது. 1985இல் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. அதே தசாப்தத்தில் கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில் குடியேறிய பொப் ஸ்டூவர்ட், தான்யா பல்கார் என்ற இரு பிரித்தானியர், பாம்பார் சோலையின் அரிய செடிகளைத் தேடி அறிந்து, சோலை மரங்களை நாற்றுமேடையில் வளர்க்கத் தொடங்கினர். 2001இல் அந்த முயற்சி வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையாக உருப்பெற்றது. பட்டம் பெற்ற தாவரவியலாளர்கள் செய்யத் தவறியதை இத்தகைய சிறு குழுக்கள் செய்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

அவர்களின் முக்கியமான அவதானிப்பு எதிர்பாராதது. கைவிடப்பட்ட வாட்டில் தோட்டங்களின் நிழலில், உறைபனியும் கடும் வெயிலும் எட்டாத இடத்தில், சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து நின்றன. பகைவனே செவிலித்தாயாகிவிட்டான்! அந்நிய மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டுங்கள் என்ற கோரிக்கை வலுத்தபோது, அவசரம் வேண்டாம் என்று அவர்கள் வாதிட்டது இதனாற்றான். வெட்டினால் கன்றுகள் நசியும். மண்ணுள் பல்லாண்டு உறங்கும் வாட்டில் விதைகளும் ஒன்றாக முளைத்தெழும்.

ஆனால் குறிஞ்சிக்கும் புல்லுக்கும் அந்த நிழல் ஆகாது. சோலை திரும்பும் இடத்தில் வாட்டிலை நிற்கவிட்டு, எஞ்சிய திறந்த புல்வெளியில் அதன் இளங்கன்றுகளை வேரோடு பிடுங்கவேண்டியிருக்கின்றது. முதலாவது வேலையைக் காலம் செய்துவிடும். இரண்டாவதற்கு ஆண்டுதோறும் ஆட்கள் வேண்டும்.