கூஜுவாக்கிலிருந்து இக்காலுயிட்: 630 கிலோமீற்றர் எவ்வளவு தூரம்?

ரொக்ஸ்பரோவிலிருந்து டோர்வால் விமான நிலையத்துக்குக் காரில் இருபது நிமிடம். ஊருக்குப் போவதற்கும் வருகிறவர்களைக் கூட்டி வருவதற்கும் நாம் அடிக்கடி போகும் இடம். அங்கிருந்து வடக்கேயும் விமானங்கள் புறப்படுகின்றன. நுனாவிக் பிரதேசத்தின் பெரிய ஊரான கூஜுவாக் ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஜெட் விமானத்தில் இரண்டேகால் மணித்தியாலம். வீதி கிடையாது. நுனாவிக்கின் 14 ஊர்களில் எதற்கும் தெற்கிலிருந்து வீதி இல்லை, ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்கும் இல்லை.

கூஜுவாக்குக்கு நேர் வடக்கே, ஹட்சன் நீரிணைக்கு அப்பால், பாபின் தீவில் இருக்கிறது நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் தூரத்தை நாமே கணக்குப் பார்க்கலாம். கூஜுவாக் 58.1 பாகை வடக்கு, இக்காலுயிட் 63.75 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 630 வரும். மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கும் டாஷ்-8 போன்ற விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணித்தியாலம் போதும்.

நேரடி விமானம் கிடைக்காத நாளில் இந்தக் கணக்கு உதவாது. மொன்றியலுக்கு 1,450, ஒட்டாவாவுக்கு 150, திரும்ப வடக்கே 2,100 என்று மொத்தம் 3,700 கிலோமீற்றர், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பறக்கும் நேரமே ஆறு மணித்தியாலம். காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டாம் நாளாகிவிடும். இதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். கூஜுவாக் கியூபெக்குக்குள் இருக்கிறது, அதன் நோயாளர் மொன்றியலுக்கு வருகிறார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே டோர்வாலில் உல்லிவிக் என்ற இல்லம் உள்ளது. இக்காலுயிட் நோயாளர் ஒட்டாவாவுக்குப் போகிறார்கள். விமானங்களும் அந்த வழியையே பிடிக்கின்றன. நீரிணைக்கு இரு கரையிலும் இருக்கும் சொந்தக்காரரை யார் கணக்கில் எடுப்பது?

இது நமக்குப் புதிதல்ல. பலாலியும் சென்னையும்கூட ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில்தான், 80 பாகை கிழக்கில், இருக்கின்றன. இடைத்தூரம் 355 கிலோமீற்றர். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் யுத்தம் அந்த வழியை மூடியது. யாழ்ப்பாணத்தார் கட்டுநாயக்கவுக்குத் தெற்கே இறங்கி, அங்கிருந்து 640 கிலோமீற்றர் வடக்கே பறந்தார்கள். 2019 நவம்பரில் பலாலி–சென்னை சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு: பலாலி, கூஜுவாக், இக்காலுயிட் மூன்றின் ஓடுபாதைகளும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைகள் போட்டவை.

வேலைக்கென்று வடக்கே போகிறவர்கள் பயணச்சீட்டில் உள்ள நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. பனிப்புயலோ மூடுபனியோ வந்தால் விமானம் அன்று புறப்படாது, அடுத்தது மறுநாளாகவும் இருக்கலாம். திரும்பி வந்து டோர்வாலில் கொழும்புக்கோ சென்னைக்கோ விமானம் மாறுவதாக இருந்தால், இடையில் ஒரு முழு நாளாவது விட்டுப் பதிவு செய்யுங்கள்.