ஜெனரேட்டரும் 47 டன் தங்கமும்

குர்காவுனுக்கு வந்த புதிதில் தினமும் கரண்ட் போகும். போன மறுநிமிடமே கீழே டீசல் ஜெனரேட்டர் உறுமும், ஏசி ஓடும். ஊரில் அம்மா கையில் பனையோலை விசிறி. "உனக்கென்னடா, டீசல் ஊத்தி காத்து வாங்குற!" என்பாள்.

அந்த டீசலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1991 ஜூனில் கையிருந்த அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. அதே ஜூலை 24ல் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். கதவு திறந்தது.

எண்ணெய்க் கடன்தான் நம்மைத் தள்ளிக் கதவைத் திறக்க வைத்தது. திறந்த பிறகோ கார், ஏசி, மால், என் வேலை எல்லாம் உள்ளே வந்தன. அன்று கச்சா எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இங்கேயே கிடைத்தது. இன்று ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி. அதற்குக் கட்டும் டாலரில் ஒரு பகுதி என்னைப் போன்றவர்கள் தட்டும் கீபோர்டில் இருந்து வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023-24ல் இந்தியர் ஒருவரின் சராசரி மின் நுகர்வு 1,395 யூனிட். உலக சராசரியில் பாதிகூட இல்லை. அந்தச் சராசரிக்குள் என் ஏசியும் இருக்கிறது, அம்மாவின் ஒற்றை ஃபேனும் இருக்கிறது. யாரைக் குறைக்கச் சொல்வது?

கொசுறு: முதல் போனஸில் அம்மாவுக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தேன். விசிறியை இன்னும் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.